கேட் போட்டிருக்கிறது

நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர் நான்.
ஒரு கைப்பிடி நெல்லைக் கருவியில் போட்டால்
ஈரப்பதம் எண்ணாக வரும்.
பதினேழுக்கு மேல் போனால்
"காயவச்சுக் கொண்டு வாங்க."
அதற்குமேல் பேச்சில்லை.

மகள் மிதுனாவுக்கு ஏழு வயது.
நடை வரவில்லை.
சொல் வந்தது, நாலைந்து மாதம் இருந்துவிட்டுப் போய்விட்டது.
சிரிப்பு மட்டும் எங்கிருந்தோ
விடியற்காலை மூன்று மணிக்கு.
தஞ்சாவூர், திருச்சி, மதுரை,
ஐதராபாத் வரை போய்வந்த ரத்தம்.
எல்லாத் தாளும் சொன்னது இதைத்தான்:
குறிப்பிடும்படி எதுவும் இல்லை.
குறிப்பிடும்படி எதுவும் இல்லாததைத்தான்
தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

சான்றிதழ் முகாமில்
நோயின் பெயர் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டுக் கொடுத்தேன்.
"பேர் இல்லாம எந்தக் கணக்குல சார் ஏத்துறது?"
கேட்டவர் குரலில்
என் குரல் இருந்தது.

நீடாமங்கலம் கேட்டில் அன்று அரை மணி நேரம்.
இன்ஜின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஜன்னல் கம்பியில் வெயில்.
மிதுனா கத்தத் தொடங்கினாள்.
பஸ் முழுக்கத் திரும்பியது.
ஒருவர் மந்திரிக்கச் சொன்னார்.
ஒருவர் கண்டக்டரை முறைத்தார்.
"சொந்தத்துல கட்டுனீங்களா?" என்றது ஒரு குரல்.

பின்சீட்டிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள்,
பத்து வயசுப் பையனைத் தோளில் சாய்த்தபடி.
என்ன வியாதி என்று கேட்கவில்லை.
"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குது?" என்றாள்.
ஏழு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.
"ரெண்டு."
"எங்களுக்கு மூணு" என்றாள்,
கொஞ்சம் கூச்சத்தோடு,
கூடுதலாக வைத்திருப்பவள்போல.

அவள் ஜெசிமா, கூத்தாநல்லூர்.
அவள் வழியாக வலங்கைமான் தையல்நாயகி.
தையல்நாயகி வழியாக அமலோற்பவம்,
அப்புறம் இன்னும் மூன்று குடும்பம்.
மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை
கேட்டை ஒட்டிய டீக்கடைக்குப் பின்னால்
ஓட்டமில்லாத ஒரு லாரி செட்டில் கூடுகிறோம்.
சங்கமில்லை. பேனர் இல்லை.

ஸ்பூன் கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்று, நழுவாது.
சட்டைக் காலரில் இருக்கும் லேபிளை வெட்டு,
பாதி அழுகை நிற்கும்.
எட்டு மணிக்குள் போனால்
நாலாம் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் எரிந்து விழமாட்டார்.
புயலடித்த ராத்திரி, கரண்ட் போய்,
வலிப்பு மாத்திரை தீர்ந்துபோனபோது
ஜெசிமா வீட்டுக்காரர்
முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
பாலித்தீன் பையில் சுற்றிய அரை அட்டை.
எண்ணினேன், ஐந்து.
மற்ற பாதியை அவர்கள் வீட்டில்
யார் எண்ணிக்கொண்டிருந்தார்களோ.

போன ஆடியில்
கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதுபோல
அமலோற்பவத்தின் மகனுக்கு ஒரு பெயர் வந்தது.
வாயில் நுழையாத பெயர்.
மருந்து கிடையாது.
தாளை மடித்து மடித்து
பஸ் டிக்கெட் அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள்.
எல்லோரும் சந்தோஷம் என்றார்கள்.
நானும் சொன்னேன்,
தொண்டையில் நெல்சுணை.
அது பொறாமை.
மிதுனாவின் எச்சில் துணியால்
என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"இனிமே நான் இங்க வரலாமா?"
என்று கேட்டு அமலோற்பவம் அழுதாள்.
தையல்நாயகிக்குக் கோபம் வந்துவிட்டது.
"பேரு வச்ச புள்ளைய வீட்டுக்குள்ள விடமாட்டாங்களா?
உட்காருடி. டீ ஆறுது."

கேட் மணி அடித்தது.
மணிக்கு மிதுனா சிரித்தாள்.
ஜெசிமாவின் பையன் காதைப் பொத்திக்கொண்டான்.

ஐப்பசியில் ஒருநாள்,
ஒரு விவசாயியின் நெல்
பதினெட்டரை காட்டியது.
திருப்பி அனுப்பவில்லை என்று சொன்னால் பொய்.
திருப்பித்தான் அனுப்பினேன்.
ஆனால் மூட்டையைத் தூக்கப் போனவரிடம் கேட்டேன்:
"ராத்திரி மழை வந்தா மூடுறதுக்குத் தார்ப்பாய் இருக்கா?"
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
"இருக்கு. ஓட்டை."
சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டலாம் என்றேன்.